பித்தளையின் விரிசல்: தோட்டாக் கோதுகள் பற்றிய ஒரு குறிப்பு

சுடப்பட்ட பித்தளைத் தோட்டாக் கோதுகளைத் துப்புரவாக்கி மீண்டும் நிரப்பும் வழக்கம் அமெரிக்கக் குறிசுடுநரிடையே பரவலாக உண்டு. இதற்கு உதவும் கழியொலிக் கருவி, செவிக்கெட்டாத ஒலியால் நீரில் நுண்குமிழிகளைத் தோற்றுவிக்கின்றது. அவை உடையும் விசை கோதின் உட்புறக் கரியையும் அகற்றுகின்றது. நீரிற் சிறிது சித்திரிக்கமிலம் சேர்ப்பதுண்டு. அமோனியாவோ அறவே விலக்கப்படுகின்றது. இவ்விலக்கின் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

பிரித்தானிய இந்தியப் படையினரின் தோட்டாக்கள் மழைக்காலத்திற் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டபோது, சுடப்படாமலே விரிசல் கண்டன. ‘பருவகால விரிசல்’ என இதற்குப் பெயரிட்டனர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, ஈரத்தின் துணையுடன், குளிர்நிலையில் இழுத்து உருவாக்கப்பட்ட பித்தளையில் எஞ்சிய தகைப்போடு சேர்ந்தே அதனைப் பிளந்தது என்பது 1921இல் விளக்கப்பட்டது.

அகத்தகைப்பு இன்றேல் அமோனியா இவ்வாறு பிளந்திராது. அமோனியா இன்றேல் தகைப்பு உறங்கியே கிடந்திருக்கும். அகமுரண்பாடும் புறச்சூழலும் இணைந்து இயங்கியதையே இங்கு காண்கின்றோம். அப்பெயரோ பழியைப் பருவத்தின்மீது சுமத்தி, உற்பத்தி முறையில் உறைந்த காரணத்தை மறைத்தது. பரிகாரமும் ஆலையிலேயே கிடைத்தது: உருவாக்கியபின் மிதமாகச் சூடேற்றித் தகைப்பைத் தணித்தல். கழுவுதல் கரியை நீக்கும், விரிசலை நீக்காது. எனவே மினுக்கத்தை நம்பாது, ஒவ்வொரு கோதையும் நுணுகி நோக்கியே மீண்டும் நிரப்புதல் வேண்டும்.