சந்தைக்கு நடந்த மாடுகள்... வழியில் நின்ற விராலிமலை!

மருங்காபுரி பக்கமிருந்து துவரங்குறிச்சி வந்து, திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்தால் வழியில் வருகிறது விராலிமலை. மொத்தமே 207 படிகள்தான். பழநி ஏறியவர்களுக்கு 'இதெல்லாம் ஒரு மலையா?' என்றுகூடத் தோன்றும். ஆனால், 2022-ல் பத்மஸ்ரீ பெற்ற சதிர் கலைஞர் முத்துக்கண்ணம்மாள், சிறுமியாக இருந்தபோது தினமும் ஏறி வந்து முருகன் முன் ஆடியது இந்தப் படிகளில்தான்.

பாறைகளில் மயில்கள். இடையில் இடும்பன் சந்நிதி. மூச்சு வாங்க நின்று திரும்பினால், கீழே ரோடு தெரிகிறது.

விராலிமலை ஒரு சந்திப்பு. திருச்சி - மதுரை சாலை ஒருபுறம். புதுக்கோட்டை, இலுப்பூரிலிருந்து மணப்பாறைக்குப் போகும் வழி இன்னொருபுறம். லாரிகள் வராத காலத்தில் மணப்பாறைச் சந்தைக்கு மாடுகள் நடந்தேதான் போயின. 1957-ல் வந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படப் பாட்டு புகழ் பரப்பியதே, அதே மணப்பாறை மாடுகள்!

மருங்காபுரி மாடுகள் ஒரே நாளில் சந்தைக்குப் போய்விடும். புதுக்கோட்டை மாடுகளின் பாடுதான் கஷ்டம். விராலிமலைக்கே 40 கிலோமீட்டருக்கு மேல். மணப்பாறைக்கு இன்னும் சுமார் 20. கால்நடைகளை நடத்திச் செல்வது பற்றிய 2001-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள், மாடு ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர், 8 மணி நேரம்தான் நடக்கலாம் என்கின்றன. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தீவனம். இந்தக் கணக்குப்படி செவ்வாய்ச் சந்தைக்கு ஞாயிறே கிளம்ப வேண்டும். வழியில் இரண்டு ராத்தங்கல்!

விதி எழுதும் முன்பே மாட்டுக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். காரணம், விலை. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசும்போது, நடந்து இளைத்த மாட்டுக்கு ஒரு விரல் குறையும். விரட்டி ஓட்டி வந்தவருக்குத்தான் நஷ்டம்.

லாடம் அடிக்காத மாட்டைத் தார்ச்சாலையில் நடத்தக்கூடாது, பொழுது சாய்ந்தபின் நடத்தவே கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நான்குவழிச்சாலையில் மாடு நடக்க இடம் ஏது? இப்போது எல்லாம் லாரியில்தான். ஒரு லாரிக்கு அதிகபட்சம் ஆறு மாடுகள் என்பது அதற்கான விதி. லாரியில் ஏறிய மாட்டுக்கு வழியில் கண்மாய்த் தண்ணீரும் இல்லை, மரத்தடியில் அசைபோடும் நேரமும் இல்லை.

உச்சியில் ஆறுமுகனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள். கருப்பமுத்துப் பிள்ளை என்ற பக்தர் மழை வெள்ளத்தில் வழி தெரியாமல் தவித்தபோது, சுருட்டும் கையுமாக வந்த ஒருவர் ஆற்றைக் கடத்தி விட்டாராம். மலையேறிப் பார்த்தால், சந்நிதியில் சுருட்டு!

சுருட்டு பிடித்தபடி, ஆற்றில் கால் வைக்கும் இடம் தெரிந்த ஆள் யாராக இருக்கும்? பக்தர்களுக்கு அவர் முருகன். இந்த வழியில் மாடு ஓட்டியவர்களுக்கு, கூட நடந்து வரும் இன்னொரு மாட்டுக்காரராகவும் தெரிந்திருக்கலாம்.