குறைகுடம் கூத்தாடும்

என் பாட்டி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்ததும் பக்கத்து வேப்பமரத்தில் ஒரு கொத்தை ஒடித்துக் குடத்துக்குள் போடுவார். பிறகுதான் குடத்தை இடுப்பில் ஏற்றுவார். வீடு வந்து சேரும்வரை சேலையில் ஒரு சொட்டுச் சிந்தாது. எனக்கு அது மந்திரம் போலத் தெரியும். தண்ணீரில் எழும் அலை இலைகளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வருவதற்குள் தன் வேகத்தை இழந்துவிடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் படித்த பிறகுதான் புரிந்தது.

பாதிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் வெளியே சிந்தாது. ஆனால் உள்ளே அலைந்து அலைந்து உங்களையே ஒரு பக்கமாகத் தள்ளும். நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று பெரியவர்கள் சொல்வது அறிவைப் பற்றி. தீயணைப்பு வண்டி ஓட்டுபவருக்கோ அது சொல்லுக்குச் சொல் உண்மை.

நம் ஊர்களில் காணும் பெரிய தீயணைப்பு வண்டிகள் பலவற்றில் 4,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அப்படியானால் தண்ணீர் மட்டுமே நாலரை டன்! நன்கு வளர்ந்த ஆண் யானை ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி ஓடுகிறது. யானையாவது ஓரிடத்தில் நிற்கும். தண்ணீர் நிற்காது. பிரேக் போட்டால் முன்னால் பாயும், வளைவில் திரும்பினால் வெளிப்பக்கம் ஏறும். வண்டி நின்ற பிறகும் உள்ளே தண்ணீர் நிற்காமல் முன்சுவரில் மோதி வண்டியை இன்னும் கொஞ்சம் தள்ளும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பொம்மை லாரியின் மேல் பாதி தண்ணீர் ஊற்றி மூடிய பாட்டிலை நீளவாக்கில் படுக்கவைத்து ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். வழவழப்பான தரையில் தள்ளி, சட்டென்று கையால் நிறுத்தி, உடனே கையை எடுங்கள். லாரி தானாகவே முன்னும் பின்னும் நகரும். பாட்டிலை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு மறுபடி செய்யுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பாட்டியின் வேப்பங்கொத்து செய்த வேலையைத் தண்ணீர் வண்டியில் தடுப்புத் தகடுகள் செய்கின்றன. தொட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாக, துளைகளோடு கூடிய சுவர்கள் இருக்கும். தண்ணீர் துளை வழியாகப் போகலாம், ஆனால் மொத்தமாகப் பாய முடியாது. அலை சின்னச் சின்னதாக உடைந்துபோகும். இருந்தாலும் அலை முழுதாக அடங்கிவிடுவதில்லை. மீதியை ஓட்டுநர்தான் அடக்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி.

அந்தப் பயிற்சி பெரும்பாலும் ஒரு வெட்டவெளி மைதானத்தில், ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவில் நடக்கும். வளைந்து வளைந்து பாம்பு போல ஓட்ட வேண்டும். போகப் போக நெருங்கிவரும் இரண்டு வரிசைக் கூம்புகளுக்கு இடையே எதையும் தட்டாமல் நுழைய வேண்டும். பின்பக்கமாக ஒரு சின்னச் சந்துக்குள் வண்டியைச் செலுத்த வேண்டும். பின்னோக்கி வரும்போது ஒருவர் பின்னால் நின்று கைகாட்டுவார். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அந்த நொடியே வண்டியை நிறுத்திவிட வேண்டும். இந்த விதியில் தளர்வே கிடையாது. ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாமல் போன அந்த ஆள் சக்கரத்துக்குப் பின்னாலேயே நிற்கலாம்.

வேகமாகப் போனால்தானே சீக்கிரம் தீயை அணைக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தீப்பிடித்த வீடு 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6 நிமிடம், 60-ல் போனால் 5 நிமிடம். மிச்சம் ஒரு நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலை என்ன? ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 50-லிருந்து 60-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆற்றலோ 44 சதவீதம் கூடிவிடுகிறது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக் பிடித்தபின் 40-ல் 12 மீட்டரில் நிற்கும் வண்டி, அதே பிரேக்கில், 80-ல் நிற்க ஏறக்குறைய 48 மீட்டர் எடுத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் எரியும் வீட்டுக்குப் பெரியதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வழியில் கவிழ்ந்த வண்டியால் எந்தத் தீயையும் அணைக்க முடியாது. அதற்குள் இருப்பவர்களைக் காப்பாற்ற இன்னொரு வண்டியல்லவா ஓடிவர வேண்டும்!

சைரன் இருக்கிறதே, எல்லோரும் ஒதுங்கமாட்டார்களா? கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டபடி வரும் கார்க்காரருக்கு அது மிகத் தாமதமாகத்தான் கேட்கும். கட்டடங்களில் பட்டு எதிரொலிப்பதால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் குழம்பும். இன்னொரு ஆபத்தும் உண்டு. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் ஒரே சந்திப்புக்கு வெவ்வேறு தெருவிலிருந்து வந்தால், தன் சைரன் சத்தத்தில் அடுத்தவருடைய சைரன் எந்த ஓட்டுநருக்கும் கேட்காது. ஆகவே சிவப்பு விளக்கில் நல்ல ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, மற்ற வண்டிகள் நிற்கின்றன என்று கண்ணால் கண்ட பிறகே கடப்பார்.

சரி, மணி அடிக்காத நேரத்தில் ஓட்டுநர் என்ன செய்வார்? எனக்கு மிகவும் பிடித்த வேலையே அப்போதுதான் நடக்கிறது. காலையில் பணி மாறியதும் வண்டியைச் சுற்றி ஒரு நடை வருவார். தரையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா? விளக்குகள் எரிகின்றனவா? தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்கிறதா? சக்கர நட்டுகளிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவார். பின்பக்கம் இரட்டை டயர் இருக்குமல்லவா? ஒன்று காற்றிறங்கிப் போனாலும் பக்கத்து டயர் தாங்கிக்கொள்வதால் பார்வைக்குத் தெரியாது. கம்பியால் தட்டிக் கேட்டால் தெரியும். காற்றுள்ள டயர் கம்பியைத் துள்ளவிட்டு 'டங்' என்னும், காற்றில்லாதது 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி ஓட்டுநர்களும் இப்படித் தட்டுவதைக் கவனித்திருப்பீர்கள்.

அடுத்தது பிரேக். பேருந்து நிற்கும்போது 'ப்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அது காற்று பிரேக். பெரிய வண்டிகளில் அழுத்தப்பட்ட காற்றுதான் பிரேக்கை இயக்குகிறது. இதில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. வண்டியை நிறுத்திவைக்கும் பிரேக்கை ஒரு வலுவான ஸ்பிரிங் எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். காற்றழுத்தம் போதிய அளவு ஏறினால்தான் அந்தப் பிடி விலகும். காற்று கசிந்து முழுதும் இறங்கிவிட்டால் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இதன் இன்னொரு பக்கத்தையும் யோசியுங்கள். இரவெல்லாம் காற்று கசிந்திருந்தால், மணி அடித்ததும் வண்டி கிளம்பாது. அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் காற்றழுத்த முள்ளைத் தினமும் பார்க்கிறார்கள்.

தீ அணைந்தபின் திரும்பிவரும் பயணம் இன்னொரு சோதனை. சைரன் இல்லை, அவசரம் இல்லை, ஆனால் உடம்பில் களைப்பு இருக்கிறது, தொட்டியில் பாதித் தண்ணீர் இருக்கிறது. கூத்தாடும் குறைகுடம்! முடிந்தால் வழியிலேயே நிரப்பிக்கொள்வது, இல்லையென்றால் வளைவுகளில் வேகத்தை நன்றாகக் குறைத்து மெல்ல வருவது என்றுதான் பழகியவர்கள் செய்வார்கள்.

இதையெல்லாம் நேரில் பார்த்துக் கேட்க ஆண்டுதோறும் ஒரு வாரம் உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் போர்ட் ஸ்டைகின் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்ததில் 60-க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாக இந்தியா முழுவதும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். அந்த வாரத்தில் உங்கள் ஆசிரியரோடு பக்கத்து நிலையத்துக்குப் போனால், ஓட்டுநர் அண்ணனிடம் தொட்டிக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகளைப் பற்றிக் கேளுங்கள். டயரையும் உற்றுப் பாருங்கள். தீயணைப்பு வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். டயரின் பட்டை தேயாமல் புதிது போலவே இருக்கும், ரப்பர் மட்டும் உள்ளுக்குள் கிழடாகிவிடும். அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிகளுக்கான விதிமுறை, தேயாவிட்டாலும் 7 ஆண்டில் டயரை மாற்றச் சொல்கிறது.

டயரின் வயது எங்கே எழுதியிருக்கிறது தெரியுமா? அதன் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2322 என்றிருந்தால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. இன்று சாயங்காலம் அப்பா வண்டியை நிறுத்தியதும் குனிந்து தேடிப் பாருங்கள்.