காணாமற்போன குழந்தையும் கதை கட்டும் கூட்டமும்



கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் இருந்தவர்களுக்கு அந்த ஒலிபெருக்கிக் குரல் பழக்கமானது. சிவப்புச் சட்டை போட்ட நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அழுதுகொண்டு நிற்கிறான், பெற்றோர் உடனே வரவும் என்று அது சொல்லும். சிறிது நேரத்தில் வேறொரு குழந்தைக்காக அதே குரல் கேட்கும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மனிதத் தலைகள். கையை ஒரு நொடி விட்டால் போதும். அண்மை ஆண்டுகளில் காவல்துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புகின்றனர். இதைவிட எளிய, பயனுள்ள ஏற்பாடு வேறில்லை. சேத்துப்பட்டு லூர்து அன்னை திருத்தலத்திற்குக் குழந்தைகளோடு போய் வருகிற நமக்கும் இந்தப் பயம் தெரியும்.

திருக்குடும்பத்திற்கும் அது தெரிந்திருந்தது. பாஸ்கா விழா முடிந்து ஊர் திரும்பிய கூட்டத்தில், பன்னிரண்டு வயது மகன் இருப்பான் என்று நினைத்து ஒரு நாள் பயணம் வந்துவிட்டார்கள் மரியாவும் சூசையப்பரும். பிறகு என்ன செய்தார்கள் என்பதை லூக்கா சுருக்கமாக எழுதுகிறார். உறவினரிடமும் அறிமுகமானவர்களிடமும் தேடினார்கள். காணாததால் வந்த வழியே எருசலேமுக்குத் திரும்பினார்கள். மூன்று நாள்களுக்குப் பின் கோவிலில் கண்டார்கள் (லூக் 2:41-52). கூட வந்தவர்களில் யார்மேல் சந்தேகம் என்ற பேச்சு அந்தப் பகுதியில் இல்லை. ‘தாய் எப்படிக் கவனிக்காமல் இருந்தாள்?’ என்று உறவினர்கள் கேட்டதாகவும் இல்லை. உண்மையில் கேட்டிருக்கக்கூடும், நமக்குத்தான் உறவினர்களைத் தெரியுமே! ஆனால் நற்செய்தியாளர் அதற்கு ஒரு வரியும் செலவிடவில்லை.

குழந்தையைத் தேடுவது ஒன்று, குழந்தையைப் பற்றிக் கதை கட்டுவது வேறொன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் பதற்றம் உண்டு, குழந்தையின் மேல் அன்பும் உண்டு. நம் மாவட்டத்திலேயே நடந்த ஒரு கொலை இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டியது.

2018-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் தங்கள் குலதெய்வக் கோவிலுக்கு வந்தது. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியும், மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினரும் அவர்களில் இருந்தனர். போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், ஜவ்வாது மலைக்குப் போகும் வழியில், வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினார்கள். அங்கே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். நம் வீட்டுப் பாட்டிமார் செய்வதைத்தான் அந்தப் பெண்மணியும் செய்தார். கையில் இருந்த சாக்லேட்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்.

பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த ஊர்களுக்குத் தொலைபேசியில் செய்தி பறந்தது. கூட்டம் வண்டியை மறித்தது. அடித்தார்கள். அந்தப் பெண்மணி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் பலத்த காயங்களோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதே நாளில் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் மனநலம் குன்றிய ஓர் ஆணை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அங்கும் அதே சந்தேகம்தான்.

அத்திமூரில் எந்தக் குழந்தையும் காணாமற்போகவில்லை.

பிறகு இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? பல வாரங்களாக வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியே ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. வடநாட்டிலிருந்து நூற்றுக்கணக்கான பேர் குழந்தைகளைக் கடத்த வந்திருக்கிறார்கள், எச்சரிக்கையாய் இருங்கள் என்றது அது. குரல்பதிவுகள் வந்தன, படங்கள் வந்தன. இது வதந்தி என்று காவல்துறை சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் நாடு முழுவதும் பரவிய ஒரு காணொளியில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது கராச்சியில், பெற்றோருக்கு விழிப்புணர்வு ஊட்டுவதற்காக நடித்து எடுக்கப்பட்ட படம். முழுப் படத்தில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தையைக் கடத்துவது எவ்வளவு எளிது என்று அறிவிப்புப் பலகையைக் காட்டுகிறார்கள். அந்தப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டது.

2018 ஜூன் 8-இல் அசாமின் கார்பி ஆங்லாங்கில் இரண்டு இளைஞர்கள், ஜூலை 1-இல் மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர், ஜூலை 13-இல் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் ஒரு மென்பொருள் பொறியாளர் என்று சாவுகள் தொடர்ந்தன. பீதரில் இறந்தவரும் நண்பர்களும் செய்த குற்றமும் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான். ஜூலை 17-இல் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிப்பது உள்ளிட்ட கட்டளைகளைப் பிறப்பித்தது. அதே மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால் எத்தனை ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அத்திமூரில் அடித்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதியாக இருக்கும். அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கைதானவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களில் குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே நினைத்திருக்கக் கூடும். கூட்டத்துக்குக் கிடைத்த ஆதாரம் மூன்றுதான்: வெளியூர்க் கார், தெரியாத முகம், ஒரு சாக்லேட். மீதியை மனம் நிரப்பிக்கொண்டது. குழந்தையின் பெயரைச் சொல்லிவிட்டால், நிறுத்திக் கேள்வி கேட்பவனும் எதிரியாகிவிடுகிறான்.

காணாமற்போன குழந்தையே இல்லாத இடத்தில் இப்படியென்றால், உண்மையிலேயே ஒரு குழந்தை காணாமற்போன இடத்தில் என்ன நடக்கும்? இதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் உண்மை நிகழ்வு உண்டு. 1980 ஆகஸ்ட் 17 இரவு, அந்நாட்டின் நடுவே, பெருநகரங்களிலிருந்து வெகு தொலைவில் உள்ள உலுரு பாறையின் அருகே ஒரு குடும்பம் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தது. ஒன்பது வாரப் பெண் குழந்தை அசரியாவைக் கூடாரத்திலிருந்து டிங்கோ எனப்படும் காட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று தாய் லிண்டி சேம்பர்லின் அலறினார். அன்றிரவு உடனிருந்தவர்கள் அவரை நம்பினார்கள். மண்ணின் மைந்தர்களான பழங்குடியினர் நாயின் கால்தடங்களைப் பின்பற்றிப் போய்த் தேடினார்கள். அந்தப் பகுதியின் வனக்காப்பாளர், காட்டு நாய்களால் குழந்தைகளுக்கு ஆபத்து உண்டு என்று முன்பே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். 1981-இல் நடந்த முதல் மரண விசாரணையும் தாய் சொன்னதையே ஏற்றது.

ஆனால் அங்கே இல்லாத மக்கள் நம்பவில்லை. தொலைக்காட்சியில் அவரைப் பார்த்தவர்கள், இவள் ஏன் அழவில்லை என்றார்கள். அவர் உடுத்திய உடையைப் பற்றிப் பேசினார்கள். குடும்பம் ஏழாம் நாள் அட்வெந்து சபையைச் சேர்ந்தது, தந்தை அச்சபையின் போதகர். அதுவும் வம்புப் பேச்சுக்குத் தீனியாயிற்று. ‘அசரியா’ என்றால் ‘பாலைவனத்தில் பலி’ என்று பொருளாம், குழந்தையைப் பலியிட்டுவிட்டார்களாம்! விவிலியம் வாசிக்கிற நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். தானியேலின் தோழர்கள் மூவரில் ஒருவர் பெயர் அசரியா. தீச்சூளையின் நடுவே நின்று இறைவனை மன்றாடிய அவருடைய பெயருக்கு ‘ஆண்டவர் உதவினார்’ என்பதே பொருள். ஓர் அகராதியைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

1982 அக்டோபர் 29-இல் லிண்டிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அப்போது அவர் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. சிறையில் இருந்தபோதே அடுத்த குழந்தை பிறந்தது. காரில் குழந்தையின் இரத்தம் இருந்தது என்பது முக்கிய ஆதாரம். பின்னர் ஆராய்ந்தபோது, இரத்தம் என்று சொல்லப்பட்டவற்றில் ஒரு பகுதி, கார் தயாரிப்பில் இரைச்சலைக் குறைக்கத் தெளிக்கிற பூச்சு என்று தெரியவந்தது. 1986 பிப்ரவரியில், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு சுற்றுலாப் பயணியின் உடலைத் தேடியவர்கள், காட்டு நாய்களின் குகைகள் உள்ள இடத்தில் குழந்தையின் மேல்சட்டையைக் கண்டெடுத்தார்கள். அப்படி ஒரு சட்டை இருந்தது என்று தாய் தொடக்கம் முதலே சொல்லிவந்தார், யாரும் நம்பவில்லை. அவர் விடுதலையானார். 1988-இல் தண்டனை ரத்தாயிற்று. குழந்தையைக் கொன்றது டிங்கோதான் என்று அரசு இறப்புப் பதிவேட்டில் எழுதியது 2012 ஜூன் 12-இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்!

அழாத தாயைச் சந்தேகிப்பது நமக்கு மட்டும் அந்நியமா? சாவு வீட்டில், ‘அவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாத்தியா?’ என்று காதோடு காதாகப் பேசுகிறோமே! துக்கம் எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை.

தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் சூசன்னாவின் வரலாறு இருக்கிறது. குற்றம் சாட்டியவர்கள் ஊர்ப் பெரியவர்கள், அதிலும் நடுவர்கள். ஆகவே சபை முழுவதும் நம்பி, அப்பெண்ணுக்குச் சாவுத் தீர்ப்பு எழுதிவிட்டது. கொல்லப் போகிற வழியில் இளைஞன் தானியேல் செய்தது மிகச் சிறிய காரியம். இருவரையும் தனித்தனியாகப் பிரித்து, எந்த மரத்தின் அடியில் பார்த்தாய் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். அத்திமூரில் அன்று அப்படி ஒரே ஒரு கேள்வியை நின்று கேட்டிருக்கலாம். யாருடைய குழந்தை காணவில்லை? எந்தத் தெரு? பதில் வந்திருக்காது.

போதிய ஆதாரமின்றி அயலார்மீது குற்றத்தை உண்மையென ஏற்றுக்கொள்வது, மனத்துக்குள் மட்டும் ஏற்றாலும்கூட, எட்டாம் கட்டளைக்கு எதிரானது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2477) கற்பிக்கிறது. நாம் பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னதைச் சொல்கிறோம். வந்த செய்தியை ஆராயாமல் நாற்பது பேருக்கு அனுப்பியதைச் சொல்கிறோமா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2018-ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியைப் போலிச் செய்திகளைப் பற்றியே எழுதினார். ஏதேன் தோட்டத்துப் பாம்பின் தந்திரத்தை அதில் சுட்டிக்காட்டினார். பாதி உண்மையைக் கலந்து, நண்பனைப்போல் பேசி நம்ப வைக்கும் தந்திரம் அது. அந்த நாள் அவ்வாண்டு மே 13, ஞாயிற்றுக்கிழமை. அத்திமூரில் அந்தப் பெண்மணி இறந்து நான்கே நாள்கள் ஆகியிருந்தன.

சரி, நம் தெருவில் உண்மையாகவே ஒரு குழந்தையைக் காணவில்லை என்றால் என்ன செய்வது? ஒரு நாள் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று இன்றும் பலர் நினைக்கின்றனர். அப்படிச் சட்டம் இல்லை. காணாமற்போன குழந்தை குறித்த ஒவ்வொரு புகாருக்கும் காவல் நிலையம் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013 மே 10-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனவே முதல் மணி நேரத்திலேயே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் அழைக்கலாம். கடைசியாக எங்கே, எத்தனை மணிக்கு, என்ன உடையில், யாரோடு பார்த்தோம் என்பதை எழுதிக் கொடுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கிணறு, குட்டை, ஏரிக்கரை, பூட்டியிருக்கும் கார், வைக்கோல்போர் ஆகியவற்றை உடனே பாருங்கள். தாய்க்குத் தண்ணீர் கொடுத்து யாராவது அருகில் உட்காருங்கள், கேள்வி கேட்காமல்.

படத்தைப் பகிர்வதென்றால் பெற்றோரும் காவல்துறையும் வெளியிட்டதை, தேதியும் காவல் நிலையத்தின் எண்ணும் இருந்தால் மட்டும் பகிருங்கள். குழந்தை கிடைத்ததும் அதை அழித்துவிட்டு, கிடைத்த செய்தியை அதே குழுக்களில் போடுங்கள். பங்குக் குழுக்களில் இது நடப்பதே இல்லை என்பது நம் அனுபவம். வீடு திரும்பி, பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளையின் படம், காணவில்லை என்ற தலைப்போடு ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குழந்தை ஏதேனும் கொடுமைக்கு ஆளாகியிருந்தால் அதன் பெயர், படம், பள்ளி, வீடு எதையும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அதைத் தடுக்கின்றன.

அடுத்த கார்த்திகைக்கும் போளூர்ச் சாலையில் வெளியூர்க் கார்கள் வரும். யாராவது வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கோவிலுக்கோ ஜவ்வாது மலைக்கோ வழி கேட்பார்கள். பின்இருக்கையில் ஒரு பாட்டி இருப்பார்.