பழைய ஆர்25-க்குப் புதிய முன்பக்கம்: மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

யமஹா ஆர்25 மோட்டார் சைக்கிள் 2014-ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் முதன்முதலாக அறிமுகமானது. 249 சிசி, இரட்டை சிலிண்டர், பந்தய வண்டியின் தோற்றம். பி2 உரிமம் இருந்தாலே ஓட்டலாம் என்பதால் நம் நாட்டு இளைஞர்களிடையே அதற்குத் தனி மவுசு உண்டு. 2018-ஆம் ஆண்டு இறுதியில் அதன் அடுத்த மாடல் வெளிவந்தது. எல்இடி விளக்கு, டிஜிட்டல் மீட்டர், தலைகீழாக நிற்கும் 'யுஎஸ்டி' ஃபோர்க் என முன்பக்கம் முழுவதும் மாறியது.

அதன் பிறகு, பழைய மாடல் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போனால் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "புது மாடல் முன்பக்கத்தை என் வண்டியில மாட்ட முடியுமா?"

முடியும். புதிய மாடலிலும் இன்ஜினும் ஃபிரேமும் பெரும்பாலும் பழையவையே. அதனால்தான் இந்த மாற்றம் சாத்தியமாகிறது. ஆனால், விளக்கு மாற்றுவதுபோல் இது ஒரு பொருளைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலை அன்று. ஒன்றை மாற்றினால் அதனோடு சேர்ந்த பலவற்றையும் மாற்ற வேண்டும். இடையில் ஒன்றை விட்டாலும் ஆபத்து ஓட்டுபவருக்குத்தான்.

*யுஎஸ்டி ஃபோர்க்கில் என்ன வேறுபாடு?*

சாதாரண ஃபோர்க்கில் மெல்லிய குழாய் மேலேயும் தடித்த குழாய் கீழேயும் இருக்கும். யுஎஸ்டி ஃபோர்க்கில் தடித்த குழாய் மேலே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க்கை அதிகமாக வளைக்கப் பார்க்கும் விசை, ஹேண்டலுக்கு அடியிலுள்ள கிளாம்ப் பகுதியில்தான் விழுகிறது. அந்த இடத்தில் தடித்த குழாய் இருப்பதால் முன்பக்கம் வளையாமல் உறுதியாக நிற்கிறது. வேகமாக வளைவுகளில் திரும்பும்போது இதன் பலன் தெரியும்.

பழைய ஆர்25-இன் ஃபோர்க் 41 மில்லிமீட்டர். புதியது 37 மில்லிமீட்டர் யுஎஸ்டி. எண் குறைந்திருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். இந்த அளவு உள்ளே சென்று வரும் குழாயின் அளவு. யுஎஸ்டி-யில் கிளாம்ப் பிடிப்பது அதைவிடத் தடித்த வெளிக்குழாயை. ஆகவே, பழைய கிளாம்ப்பில் புதிய ஃபோர்க்கைப் பொருத்த முடியாது. மேல் கிளாம்ப், கீழ் கிளாம்ப் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். சாவி துவாரம் மேல் கிளாம்ப்பில் அமர்வதால் அது பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டும். சக்கர அச்சு, பிரேக் காலிப்பர் பிடிமானம், மட்கார்ட், பிரேக் ஹோஸின் நீளம் ஆகியவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

ஒரே வண்டியிலிருந்து கழற்றிய முழு 'செட்'டாக வாங்குவதே நல்லது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்கிச் சேர்த்தால், கடைசியில் கூடுதல் செலவுதான் மிஞ்சும்.

*பழைய பொருள் வாங்கும்போது*

சந்தையில் கிடைக்கும் முன்பக்க செட்டுகளில் பல, விபத்தில் சிக்கிய வண்டிகளிலிருந்து வந்தவை. விபத்தில் முதலில் அடிபடும் பகுதியும் முன்பக்கம்தான். குழாயைத் தட்டையான கண்ணாடியின் மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பளபளப்பான குழாயின் மேல் நகத்தை ஓட்டினால் துருப்புள்ளிகள் தட்டுப்படும். அந்தப் புள்ளிகள் ஆயில் சீலைக் கிழித்துவிடும்.

யுஎஸ்டி ஃபோர்க்கில் சீல் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அது கசிந்தால் எண்ணெய் பிரேக் டிஸ்க்கின் மேல் வடியக்கூடும். எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது. கசியும் ஃபோர்க்கோடு ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

*உயரம் மாறினால் குணமும் மாறும்*

புதிய ஃபோர்க்கைப் பொருத்தியதும் முன்பக்கம் முன்பு இருந்ததைவிடத் தாழ்ந்தால், ஹேண்டல் சட்டென்று திரும்பும். பட்டணத்துக்குள் அது சுலபமாகத் தோன்றலாம். நெடுஞ்சாலை வேகத்தில் அதே ஹேண்டல் நடுங்கத் தொடங்கலாம். தோற்றத்துக்காக முன்பக்கத்தை வேண்டுமென்றே இறக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வேலை முடிந்ததும் ஹேண்டலை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். டாங்கியிலோ கவரிலோ இடிக்கக் கூடாது. ஹோஸும் வயரும் இழுபடக் கூடாது. போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முறுக்காமல், அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் உள்ள பட்டறையில் கொடுப்பதே பாதுகாப்பு.

புதிய மீட்டரை மாற்றினால், அதில் காட்டும் கிலோமீட்டர் உங்கள் வண்டி ஓடிய தூரம் அன்று. மாற்றிய நாளில் பழைய மீட்டரில் இருந்த எண்ணைக் குறித்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும்போது வீண் சந்தேகத்துக்கு இடமிருக்காது. ஏபிஎஸ் வேண்டும் என்போர் கவனிக்க: சக்கரத்தை மட்டும் மாற்றினால் ஏபிஎஸ் வந்துவிடாது. அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவியும் வயரிங்கும் தேவை.

*கிராண்டில் உள்ளதும் வண்டியில் உள்ளதும்*

புதிய மாடலின் கவர்செட் வேறு நிறத்தில் இருந்தால், வண்டி கிராண்டில் பதிவாகியுள்ள நிறத்தோடு ஒத்துப்போகாது. பதிவு விவரம் மாறினால் ஜேபிஜே-க்குத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. ஃபோர்க், பிரேக் போன்ற மாற்றங்களுக்கு முன் அனுமதி தேவையா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

இன்ஜினை மாற்றும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இதே வண்டியின் பெரிய வடிவமான ஆர்3-இன் இன்ஜின் 321 சிசி. பி2 உரிமத்தின் எல்லை 250 சிசி. அந்த இன்ஜினை ஏற்றி பி2 உரிமத்தோடு ஓட்டினால், உரிமமே இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம்.

*முதலில் எதற்குச் செலவு?*

தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு யுஎஸ்டி ஃபோர்க்கின் பலன் அதிகம் தெரியாது. பழைய ஃபோர்க்குக்குப் புது சீலும் புது எண்ணெயும், நல்ல டயர், புது பிரேக் பேட் ஆகியவற்றை மாற்றினாலே வண்டியின் நடை மாறிவிடும். மழை நாளில் செம்மண் படிந்த சாலையில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது, வண்டியை நிறுத்துவது டயரும் பிரேக்கும்தான்.

அதன் பிறகும் ஆசை இருந்தால் தாராளமாக மாற்றலாம். முழு செட்டாக வாங்குங்கள், தெரிந்த கையில் கொடுங்கள், ஆவணங்களைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியின் பின்னால் நாளை தம்பியோ அம்மாவோ உட்காரப் போகிறார்கள்.