சென்னை விலையும் கொழும்பு வாழ்க்கையும்: ஒரு வியாபாரியின் கணக்கு

புடைவைக் கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அடிக்கடி காதில் விழும் வார்த்தை ஒன்று உண்டு. கல்யாணத்துக்குச் சாரி பார்க்க வருபவர்கள், நான் விலையைச் சொன்னதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு, "நானா, இதே சாரி சென்னையில பாதி விலைக்குக் கிடைக்குதே" என்பார்கள். முப்பது வருடமாகச் சென்னைக்குப் போய்ச் சரக்கு எடுக்கும் எனக்கு இது புதிய செய்தி அல்ல. சிரித்துக்கொண்டே அடுத்த சாரியை விரித்துக் காட்டுவேன்.

ஆனால் 2022ஆம் ஆண்டின் இறுதியில் அதே வார்த்தை எனது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கடையில் எனக்குப் பங்காளியாக இருக்கும் சகோதரியின் மகன், சென்னைக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வந்தவர், ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு விடயத்தைத் திறந்தார். "மாமா, அங்க எல்லாமே மலிவு. கரண்ட் இருக்கு, பெற்றோல் இருக்கு, மருந்து இருக்கு. நாங்க ஏன் இங்க கெடந்து கஷ்டப்படணும்? என்ட பங்கைப் பிரிச்சித் தாங்க. குடும்பத்தோட போய் அங்கயே ஒரு சின்ன ஏற்பாடு செய்றேன்" என்றார்.

அவரது பங்கைப் பிரித்தால் கடையின் முதலில் மூன்றில் ஒன்று போய்விடும். அதையும்விட, சிறிய வயதில் இருந்து எனது கையைப் பிடித்துத் தொழில் பழகிய பிள்ளை. "மகன், போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஒரு தாளை எடுத்துக் கணக்கை எழுதிப் பார்ப்போம். அதன் பிறகு முடிவு செய்வோம்" என்றேன். அன்று நாம் எழுதிப் பார்த்த கணக்கை, இன்றைய விபரங்களையும் சேர்த்து, இந்த வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மாற்று விகிதத்தால் வரும் மயக்கம்

நாம் எல்லோரும் செய்யும் முதல் பிழை, இந்திய விலையை நமது ரூபாவுக்கு மாற்றிப் பார்த்து மலிவு அல்லது விலை அதிகம் என்று முடிவு கட்டுவது. 2022 மார்ச் மாதத்துக்கு முன்னர் ஓர் இந்திய ரூபாவுக்கு நமது காசில் ஏறத்தாழ 2 ரூபா 70 சதம். அந்த வருட நடுப்பகுதியில் அது நான்கரை ரூபாவையும் தாண்டியது. பின்னர் இறங்கி, 2025இல் மூன்றரை ரூபா அளவில் நின்றது.

சென்னையில் சாதாரண மாநகர பஸ் வண்டியின் ஆகக் குறைந்த கட்டணம் 2018இல் 5 ரூபாவாக்கப்பட்டது. நமது காசில் அது முதலில் பதின்மூன்றரை ரூபாவாக இருந்து, சில மாதங்களில் 23 ரூபாவாகி, பிறகு பதினேழரைக்கு வந்தது. அந்த பஸ்ஸில் தினமும் போகும் சென்னைத் தொழிலாளிக்கு இதனால் ஒரு சதம்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்படியானால் நாம் கணக்குப் பார்த்தது அவரது வாழ்க்கையை அல்ல, நமது ரூபாவின் நிலைமையைத்தான்.

ஒரு ஊரின் விலையை அந்த ஊர்க்காரரின் சம்பளத்துடன் வைத்துத்தான் அளக்க வேண்டும். 2023இல் ஆள்வீத வருமானம் இந்தியாவில் ஏறத்தாழ 2,500 டொலர், இலங்கையில் ஏறத்தாழ 3,800 டொலர். அவ்வளவு பெரிய நெருக்கடிக்குப் பிறகும் சராசரிக் கணக்கில் நாம் அவர்களுக்கு மேலேதான் இருந்தோம். அங்கே சாப்பாடும் தையல் கூலியும் ஆட்டோவும் மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், அந்த வேலைகளைச் செய்பவரின் கூலியும் குறைவு என்பதே. கொழும்பில் உழைத்த காசைக் கொண்டுபோய் அங்கே பத்து நாள் செலவழிப்பவருக்கு எல்லாம் மலிவாகவே தெரியும். அங்கேயே உழைத்து அங்கேயே வீட்டு வாடகையும் கட்டுபவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்.

சரக்கு ஏன் அங்கே மலிவு?

இதை வியாபாரிகளாகிய நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவின் சனத்தொகை 140 கோடிக்கும் அதிகம். நமது 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நாம் 2 கோடி 17 இலட்சம் பேர். சூரத்தில் சாரி நெய்கிறார்கள், திருப்பூரில் பனியன் பின்னுகிறார்கள், ஈரோட்டில் படுக்கை விரிப்புச் செய்கிறார்கள். நூல் முதல் சாயம் வரை உள்நாட்டிலேயே கிடைக்கிறது. அவ்வளவு பெரிய சந்தைக்கு உற்பத்தி செய்யும்போது ஒரு துண்டின் அடக்கவிலை தானாகவே இறங்கிவிடும்.

பாலும் அப்படித்தான். 1970இல் தொடங்கிய பால் பெருக்குத் திட்டத்தில் கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பாலைச் சேர்த்த நாடு, இன்று உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு. நாமோ பால்மாவை டொலர் கொடுத்து நியூசிலாந்து போன்ற நாடுகளில் இருந்து கொண்டுவருகிறோம். அதனால்தான் நமது ரூபா விழுந்த 2022இல், 400 கிராம் பால்மா பைக்கற்று ஆயிரம் ரூபாவைத் தாண்டியது.

ஆனால் எல்லாமே அங்கே மலிவு என்பதும் பிழை. 2025இல் சென்னையில் ஒரு லீற்றர் பெற்றோல் இந்தியக் காசில் 100 ரூபா அளவில் விற்றது. நமது காசில் 350 ரூபா. அதே வருடம் இங்கே விலை 300 ரூபா அளவில்தான் இருந்தது.

கடையில் கொடுக்காத காசு

மருமகனின் தாளில் இதுவரை ஒரு பக்கம்தான் நிரம்பியிருந்தது. பாடசாலையில் வணிகம் படித்தவர்களுக்கு இலாப நட்டக் கணக்கு வேறு, ஐந்தொகை வேறு என்று தெரியும். அன்றாட விலைகள் இலாப நட்டக் கணக்கில் வருபவை. ஒரு குடும்பம் நோயிலும் படிப்பிலும் யாரை நம்பி நிற்கிறது என்பது ஐந்தொகையில் எழுத வேண்டிய சொத்து.

பாகிஸ்தானின் பொருளியலாளர் மஹ்பூபுல் ஹக், இந்தியாவின் அமர்த்தியா சென் போன்றோரின் துணையுடன் 1990இல் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். வருமானத்துடன் ஆயுளையும் படிப்பையும் சேர்த்து அளப்பது அது. 2025இல் வெளிவந்த அறிக்கையில் இலங்கை 89ஆம் இடம், இந்தியா 130ஆம் இடம். சராசரி ஆயுள் இங்கே ஏறத்தாழ 77 வருடம், அங்கே ஏறத்தாழ 72 வருடம்.

இந்த ஐந்து வருட வித்தியாசம் நேற்று வந்ததல்ல. 1945இல் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வியும், ஊருக்கு ஊர் கட்டப்பட்ட அரச வைத்தியசாலைகளும், குடும்பநல மாதுக்கள் வீடு வீடாகப் போனதும் சேர்ந்து எண்பது வருடத்தில் சேர்த்த சொத்து அது.

எனது அனுபவத்தையே சொல்கிறேன். 2016இல் என் மனைவிக்குப் பித்தக்கல் சத்திரசிகிச்சை அரச வைத்தியசாலையில் நடந்தது. திகதி கிடைக்க மூன்று மாதம் காத்திருந்தோம். வார்ட்டில் நெருக்கடி, நல்ல மலசலகூடம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும்போது ஒரு பில்லும் கையில் இல்லை. 2018இல் சௌகார்பேட்டையில் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. கடைக்காரர் பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கவனிப்பு மிக நன்றாக இருந்தது. ஆனால் முற்பணம் கட்டிய பிறகுதான் கட்டிலைக் கொடுத்தார்கள். இரண்டு இரவு தங்கி வெளியே வந்தபோது, சரக்குக்குக் கொண்டுபோன காசில் பாதி முடிந்திருந்தது. அந்தப் பெருநாளைக்குப் பாதிச் சரக்குடன்தான் கடை நடத்தினேன்.

எந்த இந்தியா?

நியாயமாகவும் பேச வேண்டும். இந்தியா ஒரே மாதிரியான நாடு அல்ல. 2020ஆம் ஆண்டுக் கணக்கில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை மத்தியப் பிரதேசத்தில் 43, முழு இந்தியாவுக்கு 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. கேரளம் நமக்குச் சமமாகவே நிற்கிறது.

தமிழ்நாட்டிலும் அரச மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஏழைக் குடும்பங்களுக்கு 2009 முதல் மருத்துவக் காப்புறுதி உண்டு. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு உண்டு. 2021 முதல் சாதாரண நகர பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவற்றில் பலவற்றை நாம் அவர்களிடம் படிக்கலாம். ஆனால் அவை அந்த மண்ணின் பிரசைகளுக்கு உரியவை. விசாவில் போய்த் தங்கும் நமக்கு ரேஷன் அட்டை கிடையாது. நாம் போனால் அங்குள்ள விலையைக் கொடுத்து வாழலாம். அங்குள்ள சொத்தில் நமக்குப் பங்கு வராது.

அங்கும் கஷ்டம் வரும். 2019 ஜூன் மாதத்தில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டுபோயின. மண்ணடியில் நான் தங்கிய விடுதியில் ஓர் அறைக்கு நாளுக்கு இரண்டு வாளித் தண்ணீர் மட்டும்தான். கைகால் கழுவுவதற்கும் கணக்குப் பார்த்தோம்.

2022இல் நாம் கண்டது

இவ்வளவையும் நான் எழுதச் சொன்னபோது மருமகன் ஒரு கேள்வி கேட்டார். "மாமா, இலவசம் இலவசம் என்டு சொல்றீங்க. மாமிக்குப் பிரஷர் மாத்திரை கிளினிக்ல இல்லாமப் போன நேரம் யாரு கொண்டுவந்து தந்த?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. கிளினிக்கில் சீட்டு எழுதி, வெளியே வாங்கச் சொன்னார்கள். வெளியேயும் இல்லை. என் மனைவியின் மாத்திரையைச் சென்னையில் இருந்து கொண்டுவந்தது இந்தப் பிள்ளைதான். அந்த வருடம் இந்தியா நமக்கு ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கடனாகவும் உதவியாகவும் கைகொடுத்தது. தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியது. அதற்குப் பிந்திய வருடங்களில் நம்மில் நான்கில் ஒருவர் வறுமையில் இருப்பதாக உலக வங்கி கணக்கிட்டது.

எண்பது வருடச் சொத்து எப்படி ஒரே வருடத்தில் ஆட்டம் கண்டது? 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல், கொரோனா, சுற்றுலா வீழ்ச்சி, குவிந்த கடன், 2021இன் உரத் தடை என்று பல காரணங்கள். நாம் வாய்திறக்காத இன்னொரு காரணமும் உண்டு. 2019 டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்தில் இருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் குறைந்தன. அன்று புறக்கோட்டையில் சந்தோஷப்பட்ட வியாபாரிகளில் நானும் ஒருவன். நாட்டின் வரி வருமானம் மொத்த உற்பத்தியில் 8 சதவீதம் அளவுக்கு விழுந்தது. கடையின் கூரையைத் திருத்தும் காசை மிச்சம் பிடித்து இலாபம் என்று எழுதியது போலத்தான் அது. மழை வந்தபோது சரக்கு நனைந்தது. 2024 ஜனவரி முதல் அதே வற் வரி 18 சதவீதமானது.

நமது வியாபாரத்துக்கு என்ன பாடம்?

சென்னை விலையுடன் போட்டி போட்டு நம்மால் வெல்ல முடியாது. அங்கே ஆயிரம் ரூபாவுக்கு எடுக்கும் சாரி நமது காசில் 3,500. அதன் மேல் வற் வரி மட்டுமே 630 ரூபா. தீர்வை, கப்பல் கூலி, கடை வாடகை, முடங்கிய முதலின் செலவு எல்லாம் அதற்குப் பிறகு. வாடிக்கையாளரிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறகு சென்னைக் கடை கொடுக்க முடியாததைக் கொடுங்கள். சாரியை மாற்றித் தருவது, அளவு சரிபார்த்துத் தைத்துத் தருவது, தெரிந்த குடும்பத்துக்குத் தவணை கொடுப்பது ஆகியவற்றுக்காக யாரும் விமானம் ஏற மாட்டார்கள்.

இரண்டாவது, கொள்வனவுக்குப் போகும்போது மாற்று விகிதத்தை மட்டும் பார்த்து அள்ளிக்கொண்டு வராதீர்கள். நமது ரூபா ஏறியிருக்கும் மாதத்தில் எல்லோரும் அள்ளுவார்கள். சந்தையில் சரக்கு நிரம்பி விலை விழுந்துவிடும்.

மூன்றாவது, வரியைக் கட்டும்போது வலிக்கத்தான் செய்யும். கட்டியதற்குக் கணக்கும் கேட்க வேண்டும். ஆனால் வைத்தியசாலைக் கட்டிலும் பிள்ளையின் பாடப் புத்தகமும் நமது ஐந்தொகையில் உள்ள சொத்து என்பதை மறந்துவிட்டு, விலைச்சீட்டை மட்டும் பார்த்து எந்த ஊர் நல்லது என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது.

மருமகன் இரண்டு வாரம் யோசித்தார். பிள்ளைகள் இங்கேயே படிக்கட்டும் என்று முடிவு செய்தார். இப்போது கடைக்கான கொள்வனவு முழுவதையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டேன். வருடத்தில் நான்கு தடவை சென்னைக்குப் போய் வருகிறார். ஒவ்வொரு முறையும் சரக்குடன் தனது மாமிக்கு மூன்று மாத மாத்திரையும் கொண்டுவருகிறார். கிளினிக்கில் இப்போது மாத்திரை கிடைக்கிறது. இருந்தாலும் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை.