பூனையின் வயிறு வழுக்கையா? மாட்டு உண்ணி மருந்தைத் தொடாதீர்கள்!

நெல் மூட்டையும் நிலக்கடலையும் அடுக்கிய வீட்டுக்குப் பூனைதான் சம்பளமில்லாத காவல்காரன். எலிக்கு ஒன்று போதும் என்று வளர்க்கத் தொடங்கிய வீட்டில், அது குட்டி போட்டு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டு, நான்கைந்தாகிவிடும். சண்டைச் சத்தம் கேட்காதவரை எல்லாம் ஒற்றுமையாக இருப்பதாகவே வீட்டார் நினைப்பார்கள். ஒருநாள் மல்லாந்து தூங்கும் பெட்டைப் பூனையின் அடிவயிறும் உள்தொடையும் முடியே இல்லாமல் வெளுத்துத் தெரியும். புண்ணும் இல்லை, சிரங்கும் இல்லை. உடனே யாராவது மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை எடுத்து வருவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மாட்டுக்கும் நாய்க்கும் பயன்படுத்தும் உண்ணி மருந்துகள் பலவற்றில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். இவற்றை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு என்று தொடங்கி உயிரே போய்விடும். அமிட்ராஸும் ஆகாது. 'இயற்கை மருந்துதானே' என்று வேப்பெண்ணெயும் கற்பூரமும் தடவுவதும் தவறு. பூனை மேல் எதைத் தடவினாலும் அது நக்கி வயிற்றுக்குள்தான் போகும். வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். தெரியாமல் உண்ணி மருந்து தடவிவிட்டால், பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நடுக்கம் தொடங்கிவிட்டால் கழுவிக்கொண்டிருக்க நேரமில்லை.

முடி தானாக உதிர்ந்ததா, பூனையே நக்கி அறுத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். வழுக்கையான இடத்தை முடி வளரும் திசைக்கு எதிராக விரலால் தடவினால், சவரம் செய்த தாடைபோல் சொரசொரப்பாக இருக்கும். அப்படியென்றால் நக்கியதுதான். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு; திரும்பத் திரும்ப நக்கினால் முடி ஒடிந்துவிடும். பல பூனைகள் யாரும் பார்க்காத நேரத்தில்தான் இதைச் செய்யும்.

மனக்கலக்கத்தாலும் பூனை இப்படி நக்கும். ஆனால் எடுத்த எடுப்பில் அப்படி முடிவுகட்டக் கூடாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், மனக்கலக்கம்தான் காரணம் என்று கருதப்பட்ட 21 பூனைகளைச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு அரிப்பு நோய்தான் காரணம். மனக்கலக்கம் மட்டுமே காரணமாக இருந்தவை இரண்டே இரண்டு.

அதனால் முதலில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கலாம். பேன் சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்தால் செம்பழுப்பாகக் கரையும். அது தெள்ளின் கழிவு. ஓயாமல் நக்கும் பூனை தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடுவதால், ஒன்றும் அகப்படவில்லை என்பதற்காகத் தெள்ளே இல்லை என்றாகிவிடாது. வட்டமாகச் செதில் தட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் ஒட்டும். அடிவயிற்றையே நக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருக்கவும் கூடும். கடுவன் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போயாக வேண்டும்.

சத்தமில்லாத சண்டை

இவையெல்லாம் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, வீட்டுக்குள் யார் யாரை விரட்டுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். சீறலும் பிறாண்டலும் எல்லோர் கண்ணுக்கும் படும். வாசற்படியில் சும்மா உட்கார்ந்து வெறித்துப் பார்க்கிற பூனை யார் கண்ணிலும் படாது. அந்தப் பார்வைக்கே இன்னொன்று சோற்றுத் தட்டுக்கு வராமல் பரண் மேல் பதுங்கும். நாளெல்லாம் இப்படிப் பயந்து கிடக்கும் பூனைதான் தன்னையே நக்கித் தேற்றிக்கொள்கிறது. புதுப் பூனை வந்தது, வெளிக் கடுவன் கூரையில் ஏறிக் கத்துவது, வீட்டில் கட்டட வேலை நடப்பது, எதுவும் இதைத் தூண்டலாம்.

பூனை தனியாக வேட்டையாடி, தனியாகத் தின்னும் பிராணி. தாயும் மகளும் ஒட்டிப் படுத்து ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும். அவை ஒரு கூட்டு. அதில் சேராத பூனையையும் ஒரே தட்டில் தின்னச் சொல்வதுதான் தொல்லையின் ஆரம்பம். ஒன்று தின்பது மற்றதன் கண்ணில் படாதபடி தட்டுகளைப் பிரித்து வைத்தாலே பாதிக் கலவரம் அடங்கும். தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம். இரவில் கதவு பூட்டும் வீடானால், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் தொட்டிகள் வேண்டும். பயந்த பூனைக்குப் பரணிலோ மூட்டைக்கு மேலோ ஒரு சாக்கு விரித்து, ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று விட வேண்டும். கடுவன்களுக்குக் கருத்தடை செய்துவிட்டால் சண்டை பெரிதும் குறையும். நக்கும்போது அதட்டுவதும் அடிப்பதும் வேண்டாம். பயம் கூடினால் நக்குவதும் கூடும்.

புதுப் பூனையைச் சில நாள் தனி அறையில் வைத்து, அது படுத்த துணியைப் பழைய பூனையின் பக்கத்திலும், பழையதன் துணியை இதனிடமும் போட்டு, வாசனை பழகிய பிறகே முகம் பார்க்க விட வேண்டும். மருத்துவமனைக்குப் போய்வந்த பூனைக்கும் இது பொருந்தும். மருந்து வாசனையோடு திரும்புவதைக் கூடப்பிறந்ததே அடையாளம் தெரியாமல் பாய்ந்து கடிக்கும். ஒரு நாள் தனியாக வைத்தால், வீட்டு வாசனை மீண்டும் ஏறிவிடும்.