சிறு குழுவாய்ச் சென்று ஊரை அறிவோம்

பயணம் மனிதனின் அறிவை விரிவாக்குகிறது என்று நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே கட்டுரைகளில் எழுதி வருகிறோம். எந்தப் பயணம் அறிவை விரிவாக்குகிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. ஐம்பது பேர் ஒரு பேருந்தில் ஏறி, ஒரே நாளில் ஏழு இடங்களில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதும் பயணந்தான். பத்துப் பேர் ஒரு காலைப்பொழுது முழுவதும் நான்கு தெருக்களை நடந்து பார்ப்பதும் பயணந்தான். இவற்றுள் இரண்டாவதைப் பற்றியே இங்கு விளக்க விரும்புகிறேன். 'மரபு நடை' என்று இன்று வழங்கும் இம்முறைக்கு, நம் புதுவையைக் காட்டிலும் ஏற்ற ஊர் தமிழ்நிலத்தில் மிகச் சிலவே.

சிறு குழு எதற்காக?

குழு சிறியதாக இருக்க வேண்டும் என்பது ஆடம்பரத்துக்காகச் சொல்வதன்று. ஒரு திண்ணையில் ஆறு பேர் அமரலாம். அறுபது பேர் அமர முடியாது. எட்டு அல்லது பத்துப் பேரை ஒரு வீட்டார் மனமுவந்து முற்றம் வரை அழைத்துச் செல்வர். கூட்டமாகச் சென்றால் கதவைச் சாத்திக்கொள்வர். அதில் தவறும் இல்லை. ஒலிபெருக்கி இல்லாமல் விளக்குபவர் பேச்சு எல்லார் காதிலும் விழ வேண்டும். ஐயம் எழுந்தால் அங்கேயே நின்று கேட்க வேண்டும். இவை எல்லாம் சிறு குழுவில்தான் கைகூடும்.

பாஸ்க் நாட்டுச் சான்று

இம்முறை நன்கு வேரூன்றிய இடங்களுள் ஒன்று ஐரோப்பாவில் உள்ள பாஸ்க் நாடு. பிரனீஸ் மலைத்தொடரின் மேற்குக் கோடியில், கடலை ஒட்டி வாழும் பாஸ்க் மக்கள் ஸ்பெயின், பிரான்சு என்னும் இரு நாடுகளிலும் பிரிந்து கிடக்கின்றனர். அவர்களுடைய மொழியாகிய எவுஸ்கெராவுக்கு உலகில் உறவுமொழி எதுவும் இதுவரை உறுதிப்படவில்லை. ஃபிராங்கோவின் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட அம்மொழி, ஸ்பெயின் பகுதியில் 1979-ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்துக்குப் பின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. பிரான்சுப் பகுதியிலோ அதற்கு அந்த உரிமை இன்றுவரை இல்லை.

அங்கே செல்வோரில் பலர் பில்பாவோ நகரில் 1997-இல் திறக்கப்பட்ட கூகன்ஹைம் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். சிறு குழுவினரோ கெர்னிகா என்னும் சிற்றூருக்குச் செல்கின்றனர். பாஸ்க் மக்களின் பழைய உரிமைகளைக் காப்பதாக ஆட்சியாளர்கள் ஓக் மரத்தடியில் நின்று உறுதிமொழி எடுத்த ஊர் அது. 1937 ஏப்ரல் 26-இல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசி அவ்வூரை அழித்தன. அந்த மரம் தப்பியது. ஊர்தோறும் உள்ள பந்தாட்டச் சுவரையும், வீட்டின் பெயரே குடும்பப் பெயராகும் வழக்கத்தையும் அக்குழுவினர் கேட்டறிகின்றனர்.

இந்த வழக்கத்துக்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு. நம் வகுப்புகளில் சேவியர் என்றோ சவேரி என்றோ பெயர் கொண்ட நண்பர் ஒருவரேனும் இருப்பார். 1506-இல் நவார்ராவில் உள்ள ஹாவியேர் கோட்டையில் பிறந்து, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே பணியாற்றிய புனித சவேரியாரின் பெயர் அது. 'எட்செபெரி' என்ற பாஸ்க் சொல்லிலிருந்து பிறந்த அப்பெயருக்குப் 'புது வீடு' என்பது பொருள். புதுச்சேரியில் வாழும் ஒரு சேவியர், தம் ஊர்ப்பெயரிலும் தம் பெயரிலும் புதுமையைச் சுமக்கிறார் என்பது இன்பமான ஒற்றுமை அல்லவா?

எங்கள் நடை

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மாணவர் எண்மரும் பேராசிரியர் ஒருவரும் காலை ஆறரை மணிக்குப் பெரிய வாய்க்கால் அருகே கூடினோம். இவ்வாய்க்கால் வெறும் வடிகால் அன்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஊரை இரண்டாக வகுத்த கோடு இது. கிழக்கே கடலோரம் வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. கட்டம் போட்டாற்போன்ற நேரான தெருக்களைப் பிரெஞ்சுக்காரரின் கைவண்ணம் என்றே பலர் எண்ணுகின்றனர். 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த ஒல்லாந்தரும் இவ்வமைப்புக்கு வரைபடம் வகுத்தவர்கள் என்பதைப் பேராசிரியர் எடுத்துரைத்தார்.

கிழக்குப் பகுதி வீடுகள் தெருவுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. உயர்ந்த மதில், அகன்ற வாயிற்கதவு, உள்ளே தோட்டம், அதற்கப்பால் தூண் வரிசை. வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் வீடுகள் தெருவை நோக்கித் திரும்பி அமர்கின்றன. முதலில் மரக்கால்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். அது வழிப்போக்கனுக்கு நிழல். அடுத்துத் திண்ணை, அது அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இருக்கை. பிறகு வேலைப்பாடமைந்த கதவு; அதன் உள்ளே வானம் தெரியும் முற்றம். மதில் ஒரு மனநிலை. திண்ணை வேறொரு மனநிலை. இந்த வேறுபாடு பேருந்தின் சன்னலுக்குள் அகப்படாது.

ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று தீண்டாமல் இல்லை. ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைக் காண வேண்டும். கீழ்த்தளத்தில் தமிழர் முறையில் மரத்தூண்கள். மேல்தளத்தில் ஐரோப்பிய முறையில் வெண்ணிறச் சுண்ணாம்புத் தூண்கள். துய்ப்ளெக்சு ஆளுநராக இருந்தபோது துபாஷாகப் பணியாற்றிய பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. 1748-இல் பழைய வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட துயரத்தையும் அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். 1761 ஜனவரியில் அவர் மறைந்தார். அதே மாதத்தில் ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, பின்னர் இடித்துத் தள்ளப்பட்டது. இன்று நாம் காணும் நகரின் பெரும்பகுதி அந்த அழிவுக்குப் பிறகு எழுந்ததேயாகும். மரபு நடை என்பது அழகை மட்டும் காட்டுவதன்று. காயங்களையும் காட்ட வேண்டும்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த இல்லத்தின் முன் நின்றோம். 1908-இல் ஆங்கிலேய அரசின் பிடிக்குத் தப்பி வந்த அவருக்கு 1918 வரை இந்தப் பிரெஞ்சு மண் புகலிடம் தந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது பாஸ்க் மக்கள் பலர் எல்லை கடந்து பிரான்சுப் பகுதியில் தஞ்சம் புகுந்ததும் இவ்வாறே. ஒரு மக்களைப் பிரிக்கும் எல்லைக்கோடே சில வேளைகளில் அவர்களைக் காப்பாற்றவும் செய்கிறது.

நம் பேச்சிலும் அந்த வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவரை இன்றும் 'சொல்தா' என்கிறோம். கிராமப்புற உள்ளாட்சிக்குக் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றே பெயர். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழித்தோன்றல்கள் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களோடு நம்மிடையே வாழ்கின்றனர். 1954-இல் ஆட்சி கைமாறியது, சொற்கள் மாறவில்லை.

நிலைக்குமா இந்தச் செல்வம்?

வைசியாள் வீதியில் ஒரு நற்செய்தி உண்டு. 'இன்டாக்' அமைப்பும் நகராட்சியும், ஐரோப்பிய நகரங்கள் இரண்டின் துணையுடன், இத்தெருவின் தாழ்வாரங்களையும் முகப்புகளையும் சீரமைத்தன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இத்தெரு இடம்பெற்றது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கடற்கரையில் 1870-களின் தொடக்கத்திலிருந்து நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. ஊரே அறிந்த அரசுக் கட்டடத்துக்கே இந்நிலை என்றால், யாரும் அறியாத தனியார் வீடுகளின் கதி என்ன? நாங்கள் நுழைந்த ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "வர்றவங்க எல்லாரும் அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க தம்பி. ஓடு மாத்தத்தான் ஆளு கிடைக்கல" என்றார். அவ்வீட்டுக்கு உரிமையாளர் ஐவர்; நால்வர் வெளியூரில். பாகம் பிரிக்க வேண்டுமானால் முற்றத்தின் நடுவே சுவர் எழும். இல்லையேல் வீடு விலைபோகும். பக்கத்து மனையில் திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவிட்ட கடை நிற்கிறது. பழைமையைப் போற்றுகிறோம் என்று பேசுவது எளிது. அதன் செலவைச் சுமப்பவர் அந்தப் பாட்டியே.

நாம் செய்யத் தக்கவை

வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவோர் கடற்கரைச் சாலையோடு திரும்பிவிடுகின்றனர். வாய்க்காலுக்கு மேற்கே அவர்களை அழைத்துவர யார் உளர்? நாம்தாம் உளோம். நம் கல்லூரியில் வரலாறு, தமிழ், பிரெஞ்சு பயிலும் மாணவர்கள் சேர்ந்து மாதம் ஒரு நடையை நடத்தலாம். குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டா. முன்கூட்டியே வீட்டாரின் இசைவைப் பெற வேண்டும்; கேளாமல் படம் எடுத்தல் கூடாது. ஒவ்வொரு நடையிலும் ஒரு வீட்டின் வரைபடம், அதன் உறுப்புகளின் பெயர்கள், முதியோர் சொல்லும் செய்திகள் ஆகியவற்றைக் குறித்து நூலகத்தில் சேர்க்க வேண்டும். வெளியூரார் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு அவ்வீட்டின் ஓட்டுக்கும் மரத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

தன் மொழிக்கு உறவில்லை, தன் நிலத்துக்கு ஒரே கொடியில்லை என்ற நிலையிலும் பாஸ்க் மக்கள் தம் வீட்டுப் பெயரை மறக்கவில்லை. நமக்கு மொழி இருக்கிறது, நாடு இருக்கிறது. வீடுகளே குறைந்து வருகின்றன. அவை இருக்கும்போதே பத்துப் பத்துப் பேராக நடந்து சென்று பார்ப்போம், கேட்போம், எழுதி வைப்போம்.